கிரேக்க அரக்கர்களை வைத்து டிவி காமெடித் தொடர்: உங்கள் தேர்வு யார், அவரை எங்கே சந்தித்தீர்கள்?

என்னைக் கேட்டால் கதாநாயகன் பாலிஃபீமஸ்தான். ஒற்றைக் கண்ணன், குகைவாசி, கிரேக்க வீரன் ஒடிசியஸின் ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிடித்துத் தின்றவன் என்றுதான் முதலில் படித்திருந்தேன். அப்புறம் பழைய கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸின் 'சைக்ளோப்ஸ்' கைக்கு வந்தது. ஏதென்ஸில் ஒயின் தெய்வம் டயோனிசஸின் விழாவில் மூன்று சோக நாடகங்கள் முடிந்ததும் கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒரு சேட்டர் நாடகம் போடுவார்கள் (சேட்டர்கள் என்றால் பாதி மனிதன், பாதி மிருகமான குடிகாரக் கூட்டம்), அந்த வகையில் முழுதாகத் தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான். எட்னா மலைப்பக்கம் பாலிஃபீமஸ் ஆடு வளர்க்கிறான், வீட்டு வேலைக்குக் கிழவன் சைலீனஸ். முதலாளி வெளியே போன நேரத்தில் ஒடிசியஸ் ஒயினோடு வந்து நிற்க, கிழவன் முதலாளியின் ஆட்டையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான், மாட்டிக்கொண்டதும் என்னை அடித்துப் பிடுங்கினார்கள் என்று கூசாமல் புளுகுகிறான். ஒடிசியஸ் திட்டப்படி பாலிஃபீமஸின் கண்ணைக் குத்தும் நேரம் வந்தால், அதுவரை வீரம் பேசிய சேட்டர்களில் ஒருவனுக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது, இன்னொருவனுக்குக் கண்ணில் தூசி. இதை அப்படியே இன்றைக்குப் படம் பிடிக்கலாம்.

ஆனால் அவன் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது கிரேக்கக் கவிஞர் தியோக்ரிட்டஸின் 11ஆம் பாட்டில்தான். கடல் கன்னி கலாட்டியாமேல் காதல், அவளோ இவனைக் கண்டாலே ஓடுகிறாள். காதுக்குக் காது நீளும் ஒற்றைப் புருவமும் ஒற்றைக் கண்ணும்தான் காரணம் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். ஆயிரம் உருப்படி மேய்க்கிறேன், கோடையிலும் குளிரிலும் பாலாடைக்கட்டிக்குக் குறைவில்லை என்கிறான். அம்மா என்னைச் செவுளோடு பெற்றிருந்தால் நீந்தி வந்து உன் கையிலாவது முத்தம் கொடுத்திருப்பேனே என்று ஏங்குகிறான். சிரிப்பு வரும்போதே பாவமாகவும் இருக்கிறது. பல வருஷம் ஓடவேண்டிய தொடருக்கு இப்படி ஒருவன் வேண்டும்.

* * *

பாலிஃபீமஸ் சரி, வீட்டில் ஒரு நாய் வேண்டாமா? பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் போகிறவர்கள் கிரேக்கப் பானைகள் இருக்கும் பக்கம் கட்டாயம் போங்கள். இத்தாலியின் செர்வெத்தேரியில் கிடைத்த தண்ணீர்க் குடம் ஒன்று, கி.மு. 525 வாக்கில் செய்தது. பாதாளத்தின் காவல் நாய் செர்பெரஸை மாவீரன் ஹெராக்கிளிஸ் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருகிறான், மூன்று தலைக்கும் மூன்று நிறம், உடம்பில் அங்கங்கே பாம்புகள் சீறுகின்றன. அதைப் பிடித்து வரச்சொன்ன அரசன் யூரிஸ்தியஸ் இருக்கிறானே, பெரிய தாழிக்குள் குதித்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அலறுகிறான். நான் நின்றிருந்தபோது பக்கத்தில் வந்த பள்ளிப் பிள்ளைகள் விளக்கப் பலகையைப் பார்க்காமலேயே சிரித்தார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. 2500 வருஷத்துக்கு முந்திய ஓவியன் அந்தக் கைகளை வரையும்போது எங்கே சிரிப்பு வரவேண்டும் என்று நினைத்தானோ, சரியாக அங்கேதான் வந்தது.

* * *

பாம்பு முடிக்காரி, பார்த்தவர்களைக் கல்லாக்கும் மெடூசாவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. இஸ்தான்புல்லில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குள் போயிருக்கிறேன். 336 தூண்கள், இருட்டு, ஈரம். ஒரு மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் தலைகள், ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தும் மற்றொன்று தலைகீழாகவும் கிடக்கின்றன. எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள், எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் கோயிலுக்குள் அவளைக் கெடுத்தது கடல் தேவன், பாம்பு முடி தண்டனையாகக் கிடைத்தது அவளுக்கு. ஆகவே தலைமுடியை வைத்து அவளைக் கேலி செய்யும் காட்சி ஒன்றுகூட வேண்டாம். மற்றவர்களைப் பார்த்து அவள் சிரிக்கட்டும், நல்ல வசனமெல்லாம் அவளுக்கே போகட்டும்.

சிரிப்புக்கு அவள் சொந்தக்காரர்களே போதும். கிராயாய் என்று பிறவியிலேயே நரைத்த சகோதரிகள், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கண், ஒரு பல், மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். கை மாறும் நேரம் பார்த்துத்தான், மெடூசாவின் தலையை வெட்டக் கிளம்பிய வீரன் பெர்சியஸ் அந்தக் கண்ணைத் தட்டிக்கொண்டு போனான். மெடூசாவின் பக்கத்து வீட்டில் இவர்களைக் குடிவைத்து, காலையில் கண் யாருக்கு, சாப்பாட்டு நேரத்தில் பல் யாருக்கு என்று தினமும் சண்டை போடவிட்டால் முதல் பத்துப் பகுதிகளுக்குக் கதை தேடி எங்கேயும் அலையவேண்டாம்.