ஆயில் பிரேக்கரோட (ஃபால்ட் வந்தா எண்ணெய்க்குள்ள வெச்சு மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) வேலை பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஓய்வுபெற்ற போர்மேன்:
33 கே.வி. சப்ஸ்டேஷன் யார்டுல எம்.ஓ.சி.பி. (குறைஞ்ச எண்ணெய்ல வேலை செய்யுற பிரேக்கர்)ன்னாலே எங்க கண்ணு முதல்ல ஆயில் கேஜ் கண்ணாடிக்குத்தான் போகும். புதுசா ஊத்தினப்ப தெளிவா இருக்கும். ஆடிக் காத்துல மரக்கிளை விழுந்து ஃபீடர் லைன் நாலஞ்சு தடவை ஃபால்ட்ல டிரிப் ஆனா, டிகாக்‌ஷன் கலருக்கு வந்துடும். எல்.சி. (லைன் கிளியர், வேலை பார்க்க அனுமதி) வாங்கி, ரெண்டு பக்கமும் ஐசொலேட்டரை (லைனைத் தனியாப் பிரிக்கிற சுவிட்ச்) திறந்து, எர்த் ராடு மாட்டினப்புறம்தான் டிரெயின் பிளக்குல கை வைப்போம். கரி மிதக்க மிதக்க வரும். சோப்பு போட்டாலும் வாடை ராத்திரி சாப்பாடு வரைக்கும் கூடவே இருக்கும்.

பிரேக்கருக்குள்ள காண்டாக்ட் (கரண்டைச் சேர்க்கிற உலோக முனைகள்) பிரியும்போது எழுற ஆர்க் (மின்தீப்பொறி), சுத்தியிருக்கிற எண்ணெயைச் சிதைச்சுடும். அதுல வர்ற வாயுவில் சுமார் 70 சதவீதம் ஹைட்ரஜன், அடுத்து அசிட்டிலீன். ஹைட்ரஜன் சூட்டை வேகமா இழுத்துக்கும். வாயுவோட அழுத்தமே எண்ணெயை ஆர்க் மேல தள்ளும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். அப்படித் தொடுறப்ப ஆர்க் அணைஞ்சு, எண்ணெய் நடுவுல புகுந்துடும். எரியுற பொருளை வெச்சே நெருப்பை அணைக்கணும்னு யோசிச்சவன் கில்லாடிதான்! எம்.ஓ.சி.பி.யில எண்ணெய் கொஞ்சம்தான், அதனால சீக்கிரம் கறுக்கும். பி.டி.வி. டெஸ்ட்ல 2.5 மி.மீ. இடைவெளியில எண்ணெய் எத்தனை கே.வி. தாங்குதுன்னு பார்த்துத்தான் வடிகட்டுறதா, மாத்துறதான்னு முடிவு.

மில் எலக்ட்ரீஷியன்:
நான் பார்த்தது 11 கே.வி. பல்க் ஆயில் (டேங்க் நிறைய எண்ணெய் இருக்கிற பிரேக்கர்), கைப்பிடியால மூடுற பழைய மாடல். ஒரே வீச்சில மூடணும். "தயங்குறதா இருந்தா தொடாதடா தம்பி"ன்னு சீனியர் அண்ணன் கத்துவார். லைன்ல ஃபால்ட் இருந்து, கை பாதியில நின்னா, காண்டாக்ட் முழுசா சேராம ஆர்க் உள்ளேயே நிக்கும். டேங்க் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங்கே மூடுற மாடல் வந்தப்புறம் ஆளோட கைவேகம் கணக்கிலேயே இல்லை.

புது ஏ.இ. (உதவிப் பொறியாளர்):
1901ல கலிபோர்னியாவில் கெல்மன்ங்கிறவர் செஞ்ச ஆயில் பிரேக்கர் இதைவிட பயங்கரம் சார். மூடியில்லாத மரப் பீப்பாய்கள்ல எண்ணெயும் தண்ணியும் ஊத்தி, 40 கே.வி. லைன்ல வெச்சிருக்கார். 1903ல எரியுற எண்ணெய் சுத்தியிருந்த மரத்துல சிதறித் தீப்பிடிச்சதோட அதுக்கு ஆயுள் முடிஞ்சது. எங்க ஸ்டேஷன்ல இப்ப எல்லாம் வேக்குவம் பிரேக்கர் (எண்ணெய்க்குப் பதிலா வெற்றிடம்). எம்.ஓ.சி.பி.யை ஸ்கிராப்லதான் பார்த்தேன். ஆர்க்கைத் தாங்குற ஆர்க்கிங் காண்டாக்ட்டை எப்ப மாத்துவீங்க?

ஓய்வுபெற்ற போர்மேன்:
நுனியில செம்பு-டங்ஸ்டன் இருக்கும் சார். மணி மணியா உருகியிருந்தா லேசா அரம் போட்டுச் சமப்படுத்திடலாம். அது தேஞ்சு உள்ளே இருக்கிற செம்பு தெரிஞ்சா மாத்தியே ஆகணும்.