பையன் தலையில வட்ட வட்டமா முடி போகுது, அந்த ஜாக் மாத்திரை கேக்கலாமா?

பட்டர்வொர்த்_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். மகனுக்கு 16 வயசு, படிவம் 4. முடி வெட்டப் போனப்ப பார்பர் அண்ணன்தான் காட்டினாரு, பின்னந்தலையில 50 காசு அளவுக்கு மொழுமொழுன்னு ஒரு எடம், இப்ப காதுக்கு மேல இன்னொண்ணு. அரிப்பு பொடுகு ஒண்ணும் கிடையாது. மாமியார் புழுவெட்டுன்னு சொல்லி தெனமும் சின்ன வெங்காயத்த அரைச்சு தேய்க்கிறாங்க, இவன் அந்த வாடையோட ட்யூஷன் போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறான். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) காட்டி ஜிஎச் தோல் டாக்டருக்கு லெட்டர் வாங்கியாச்சு, ஆனா தேதி தள்ளி இருக்கு. இதுக்கு நடுவுல என் தம்பி வாட்சாப்ல அனுப்புறான், அமெரிக்காவுல இதுக்கு ஜாக் மாத்திரைன்னு ஒண்ணு வந்துருச்சாம், தலை முழுக்க போனவங்களுக்கே வளந்துருச்சாம், முன்ன பின்ன படமெல்லாம் போட்டுருக்கு. நேரா அதையே கேட்டு வாங்கிரலாமா, யாராவது சாப்பிடுறீங்களா?

செந்தூல்_ரவி:
எனக்கு தாடியில வந்துச்சுக்கா, ஒண்ணும் பண்ணல, தானாவே வளந்துருச்சு. மொதல்ல வெள்ளை வெள்ளையா வந்து அப்புறம்தான் கருத்துச்சு, கிழவன் ஆயிட்டோம்னு பயந்தேன் ஹாஹா. தைப்பூசத்துக்கு பத்துமலையில ஒரு மொட்டை போட்டு விடுங்க, யாருக்கும் தெரியாது.

பங்சார்_பார்மசி:
அக்கா, அது பூச்சியும் இல்ல புழுவும் இல்ல. கிருமிய அடிக்க வேண்டிய நம்ம சொந்த வெள்ளை அணுக்களே முடி வேரைப் போய் அடிக்குது, மைக்ராஸ்கோப்ல பாத்தா வேரைச் சுத்தி தேனீ மொய்ச்ச மாதிரி இருக்கும். நல்ல சேதி என்னன்னா வேர் செத்துப் போகாது, முடியை மறுபடி உண்டாக்குற செல் பத்திரமாத்தான் இருக்கு, அதனாலதான் ரவி அண்ணனுக்கு ஒண்ணும் பண்ணாமலே வந்துச்சு. கொஞ்ச எடத்துல மட்டும் இருந்தா பாதிப் பேருக்கு கிட்ட ஒரு வருஷத்துக்குள்ள தானா வந்துரும்.

உங்க தம்பி அனுப்புனது புளுகு இல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஏஞ்சலா கிறிஸ்டியானோன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்களுக்கே இந்த நோய் உண்டு. அவங்க குழு 2010ல எந்தெந்த ஜீன் சம்பந்தப்பட்டிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அதை வச்சு எந்த செல் அடிக்குது, எந்த சிக்னல்ல அடிக்குதுன்னு தேடிப் போய், 2014ல அந்த சிக்னல் போற வழியில இருக்குற ஜாக் என்சைம மருந்தால அடைச்சா எலிக்கு முடி வளருதுன்னு காட்டுனாங்க, மூணு நோயாளிக்கும் வளந்துச்சு. அதே வருஷம் யேல் பல்கலைக்கழகத்துல பிரெட் கிங்னு ஒரு டாக்டர், உடம்புல முடியே இல்லாத 25 வயசு ஆளுக்கு, ஜாக்க அடைக்கிற மூட்டுவாத மாத்திரை டோஃபாசிடினிப் கொடுத்து தலை, புருவம் எல்லாம் வளர வச்சாரு. நீங்க பாத்த படம் ஒருவேளை அதுவா இருக்கும்.

2022 ஜூன்ல அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பு எஃப்டிஏ, பாரிசிடினிப்ங்கற ஜாக் மாத்திரைய இதுக்குன்னு அனுமதிச்சுது, பெரியவங்களுக்கு மட்டும். ரெண்டு பெரிய சோதனை நடந்துச்சு, 36 வாரத்துல தலையில 80 சதவீதமாவது முடி இருக்கணும்ங்கறதுதான் அளவுகோல். 4 மில்லிகிராம் சாப்பிட்டவங்கள்ல 100க்கு 36லருந்து 39 பேர்தான் அதைத் தொட்டாங்க, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 3லருந்து 6 பேர். அதாவது பாதிக்கு மேல அந்த நேரத்துல அந்த எல்லைக்கு வரல, வாட்சாப் படத்துல இதெல்லாம் இருக்காது. அதோட அந்த சோதனையில சேந்தவங்க எல்லாம் பாதித் தலையாவது போனவங்க. 50 காசு சைஸ் ரெண்டு எடத்துக்கு அதை யாரும் எடுத்த எடுப்புல எழுத மாட்டாங்க, எழுதவும் கூடாதுங்கறது என் கருத்து. 2023ல வந்த இன்னொரு ஜாக் மாத்திரை ரிட்லெசிடினிப் 12 வயசுலருந்தே கொடுக்கலாம், ஆனா அதுவும் கடுமையா போனவங்களுக்குத்தான்.

இவனுக்கு மொதல்ல வர்றது ஸ்டீராய்டு கிரீம், இல்லன்னா அந்த எடத்துல சின்ன ஊசியில ட்ரையம்சினலோன்ங்கற ஸ்டீராய்டு, 4லருந்து 6 வாரத்துக்கு ஒருதரம். வெங்காயத்துக்கும் 2002ல பாக்தாத்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா ரொம்ப சின்னது, தானா வளர்ற நோயில எது வெங்காயத்தால வளந்துச்சுன்னு பிரிக்கிறது கஷ்டம். தோல் எரிஞ்சா உடனே நிறுத்திருங்க.

ஜெலுத்தோங்_பிரியா:
நான் பாரிசிடினிப் சாப்பிடுறேன் அக்கா. எனக்கு தலை, புருவம், இமை எல்லாம் போயிருந்துச்சு, இமை இல்லாம மோட்டார் ஓட்டுனா கண்ணுல விழுற தூசி இருக்கே, அது பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆரம்பிக்கிறதுக்கு முன்ன காசநோய் இருக்கா, ஹெபடைடிஸ் இருக்கான்னு ரத்தம் எடுத்தாங்க, இப்பவும் கொழுப்பு, ஈரல் எல்லாம் அப்பப்ப பாக்குறாங்க. முகத்துல பரு. புருவம்தான் மொதல்ல வந்துச்சு. நடுவுல அக்கி வந்து டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னாரு, அப்புறம் பாத்ரூம் ஜாலியில மறுபடி முடி அடைச்சுச்சு. நோயைப் பிடிச்சு வச்சிருக்கு, குணமாக்கல, அவ்ளோதான். இன்னொண்ணு, பேக்கேஜ் போடுங்க 100 சதவீதம் கேரண்டின்னு ஹேர் சென்டர்காரங்க போன் பண்ணுவாங்க, என்கிட்ட நல்லா உருவிட்டாங்க ஒரு எடத்துல, கிட்ட போகாதீங்க. ஜிஎச் தோல் கிளினிக் 5 வெள்ளிதான், தேதி வரட்டும்.

பட்டர்வொர்த்_அம்மா:
ரொம்ப நன்றிப்பா ரெண்டு பேருக்கும். மாத்திரை பேச்சை விட்டுட்டேன். ஊசி ரொம்ப வலிக்குமா? அப்புறம் இவன் நகத்துல குண்டூசி குத்துன மாதிரி குட்டி குட்டி குழி இருக்கு, நாலஞ்சு விரல்ல, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

பங்சார்_பார்மசி:
உண்டு அக்கா, நல்ல வேளை சொன்னீங்க. நகத்துல குழி இருந்தா நோய் கொஞ்சம் பரவ வாய்ப்பு அதிகம், அதனால டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. இன்னொண்ணும் பாருங்க, பின்னங்கழுத்து ஓரத்துலருந்து காது வரைக்கும் பட்டையா சேந்துக்கிட்டே போகுதான்னு. அப்படி போற வகை மருந்துக்கு லேசுல மசியாது. வாரத்துக்கு ஒருதரம் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுங்க, பெருசாகுதுன்னா அந்த போட்டோவோட கிளினிக் கெசிஹாத்தான் போய் தேதிய முன்னாடி தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்க, வீட்ல யாருக்காவது தைராய்டு இருந்தா அதையும் சொல்லுங்க. ஊசி சுருக்குனு வலிக்கும்தான், மரத்துப்போற கிரீம் தடவச் சொல்லிக் கேக்கலாம். குத்துன எடம் சிலருக்கு லேசா குழி விழும், பெரும்பாலும் அப்புறம் சரியாயிரும்.