நாற்றமாகத் திரும்பிய வாசனை

"வாசனையே வரவில்லை" என்கிறவர்களும், "வருகிறது, ஆனால் எல்லாமே கருகின நாற்றம்" என்கிறவர்களும் கொரோனாவுக்குப் பிறகான அனுபவமாக இந்தக் குழுவில் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே நடந்தது. இரண்டாவது வகையினர் மனம் விட்டுவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொரோனா காய்ச்சல் விட்ட பிறகும் மூக்கு மட்டும் விழிக்கவில்லை. அடைப்பில்லை, சளியில்லை, சோப்பை மூக்கோடு அழுத்தினாலும் வழவழப்பு மட்டும்தான் தெரியும். வாரங்கள் கழித்து ஒரு காலையில் காபியை வாயருகே கொண்டுபோனதும் குமட்டியது. ரப்பர் எரிகிற வாடையில் அழுகலும் கலந்த மாதிரி. அப்புறம் பற்பசை, ஷாம்பூ என எல்லாவற்றிலும் அதே வாடை.

மருத்துவர் படம் வரைந்து விளக்கிய பிறகுதான் பயம் தெளிந்தது. மூக்கின் உச்சியில் உள்ள நுகர்ச்சி நரம்பு செல்களில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. ஒரு செல்லுக்குப் பொதுவாக ஒரு வகைதான். (இந்த ஏற்பிக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் கிடைத்தது.) வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி கடத்தும் வேதிப்பொருள் பெருகும், மின்னூட்டத் துகள்கள் நுழையும் அயனி வாயில்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், மின்துடிப்பு கிளம்பும். அது மூளையில் வாசனைச் சேதியை முதலில் வாங்கும் நுகர்ச்சிக் குமிழை எட்டியதும், செல்லின் நுனி குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த செல்லிடம் சேதியை ஒப்படைக்கும்.

கொரோனா வைரஸ் முக்கியமாகத் தாக்குவது இந்த நரம்பு செல்களை அல்ல, அவற்றைச் சூழ்ந்த தாங்கு செல்களை. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் அவற்றில்தான் இருக்கிறது. அவை சிதைந்தால் நரம்பு செல்களும் முடங்கும். அடியிலுள்ள மூலசெல்கள் புதிய நரம்பு செல்களை உருவாக்கும். ஆனால் அவற்றின் இழைகள் குமிழில் சரியான இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். எல்லா வகையும் வந்து சேராதவரை மூளைக்குக் கிடைப்பது அரைகுறைச் சேதிதான். காபியின் மணத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் துளியளவிலேயே ஏற்பிகளைத் தூண்டிவிடும் என்பதால் முதலில் மாட்டுவது காபி. ஆக, அந்த நாற்றம் செல்கள் மறுபடி பேசத் தொடங்கியதன் அடையாளம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சம்.

ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு எண்ணெய்களைக் காலையும் மாலையும் மெதுவாக முகரும் பயிற்சியைச் செய்தேன். யூகலிப்டஸ் முதலிலேயே 'தெரிந்தது'. ஆனால் அது வாசனையல்ல, முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பு உணரும் குளிர்ச்சி. உண்மையில் முதலில் திரும்பியது எலுமிச்சை. பலன் தெரிய மாதங்கள் ஆகும், விடாதீர்கள்.

சாப்பாடு சூடு ஆறியதும் குமட்டல் குறைவதைக் கவனித்தேன். ஆறவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். உடல் எடை இறங்கினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் புகை அலாரமும் காஸ் கசிவு அலாரமும் இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள்.