பிளாக் லிக்கரில் பூஞ்சை வளர்கிறது, ஆனால் லிக்னின் சிதையவில்லை. ஏன்?

கேள்வி: இளவேனில்
முதுகலை ஆய்வுக்காக, சோடா முறையில் (காஸ்டிக் சோடாவில் வேகவைத்து) வைக்கோலிலிருந்து காகிதக் கூழ் எடுத்தபின் மிஞ்சும் கருந்திரவமான பிளாக் லிக்கரில், லிக்னினை (தாவரத்துக்கு உறுதி தரும் பொருள்) சிதைக்கவல்ல பெனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையை வளர்க்கிறேன். கந்தக அமிலம் ஊற்றி pH-ஐ 12-லிருந்து 4.5-க்குக் குறைத்தேன். பழுப்பு வண்டல் இறங்கியது. அதை வடிகட்டி நீக்கி, மிஞ்சிய திரவத்தில் நீர் கலந்து, மால்ட்டும் பெப்டோனும் சேர்த்து 37 டிகிரியில் ஷேக்கரில் வைத்தேன். பூஞ்சை நன்றாக உருண்டு திரள்கிறது. நிறம் முதலில் குறைந்து, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. லிக்னினை உடைக்கும் நொதியான லிக்னின் பெராக்சிடேஸ் துளிகூடத் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: வேர்க்கால்
முதலில் பெப்டோனை நிறுத்துங்கள், அதில் நைட்ரஜன் அதிகம். இந்தப் பூஞ்சை நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை உடம்பை வளர்த்துக்கொண்டே இருக்கும். நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் லிக்னினைத் தாக்கும் நொதிகளைச் சுரக்கும். லிக்னின் மட்டும் அதற்குச் சாப்பாடு ஆகாது, அதனால் குளுக்கோஸ் கட்டாயம் வேண்டும். ஷேக்கரும் இதற்கு ஒத்துவராது. அகலமான குடுவையில் மெல்லிய அடுக்காக, அசையாமல் வைத்து ஆக்சிஜன் கொடுங்கள். குலுக்கியே ஆகவேண்டுமென்றால் கொஞ்சம் ட்வீன் 80 (சோப்பு போன்ற பரப்பு இழுவிசை குறைப்பி) சேருங்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த நிறக்குறைவுதான். லிக்னின் பூஞ்சை இழையில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். ஆட்டோகிளேவில் கொன்ற பூஞ்சையை இணையாக வைத்துப் பாருங்கள். அதிலும் இதே அளவு குறைந்தால் சிதைவு நடக்கவே இல்லை என்று பொருள். இந்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாமல் நிறநீக்கத்தைச் சிதைவென்று எழுதிய ஆய்வேட்டை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று: அமிலம் ஊற்றியபோதே லிக்னினில் பெரும்பகுதி வண்டலோடு போய்விட்டது. அதையும் கணக்கில் சேருங்கள். எல்லா மாதிரிகளையும் ஒரே pH-க்குக் கொண்டுவந்தே நிறம் அளங்கள். லிக்னினின் நிறம் pH-ஐப் பொறுத்து மாறும்.

பதில்: நீலமலர்
நொதிச் சோதனையிலும் சிக்கல் இருக்கலாம். வெராட்ரைல் ஆல்கஹால் முறையில் 310 நானோமீட்டரில் அளப்பீர்கள். லிக்னினும் அங்கே ஒளியை விழுங்கும். அசூர் பி சாயத்தை 651-ல் அளந்து பாருங்கள். டிராமெட்டெஸ் என்ற வேறு பூஞ்சைக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம்: அது சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதி, லிக்னினின் ஃபீனால் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவதும் உண்டு. அப்போது நிறம் இன்னும் கருக்கும்.

பதில்: கூழ்க்கலம்
கிராஃப்ட் ஆலைகளில் (காஸ்டிக் சோடாவோடு சல்பைடும் சேர்த்துக் கூழ் எடுப்பவை) பிளாக் லிக்கரைச் சுண்டவைத்து எரித்து, ஆவியும் ரசாயனமும் மீட்கிறார்கள். அங்கே லிக்னின் எரிபொருள், அதைப் பூஞ்சைக்குக் கொடுக்கமாட்டார்கள். வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அந்த மீட்பு கடினம். உங்கள் ஆய்வுக்கு இடம் இருப்பது அங்கேதான். கூழைக் குளோரினால் வெளுக்கும்போது வரும் கழிவிலும் இந்தப் பூஞ்சையைச் சோதிக்க யோசியுங்கள். பின்னாளில் கிராஃப்ட் லிக்கர் கிடைத்தால் ஆய்வகத்தில் நச்சு ஆவியை உறிஞ்சும் பெட்டிக்கு (ஃபியூம் ஹுட்) வெளியே அமிலம் ஊற்றாதீர்கள். அதிலுள்ள சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

இளவேனில்
மிக்க நன்றி. கொன்ற பூஞ்சையோடு புதிதாகத் தொடங்குகிறேன். ஒட்டிய லிக்னினை இழையிலிருந்து பிரித்து அளக்க முடியுமா?

வேர்க்கால்
முடியும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் இழையை அலசி, வரும் கரைசலை அளங்கள். இழையிலிருந்தும் கொஞ்சம் நிறம் இறங்கும், அதனால் லிக்னின் படாத இழையையும் அதேபோல் அலசிக் கழித்துவிடுங்கள்.