புதுப்பிப்பு: அம்மா வீட்டுப் பரணில் எதை வைத்தோம், எதைக் கழித்தோம்

பரணில் இருந்தவற்றில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, "மறுபடி வாங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்" என்ற யோசனை. பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடி தொலைந்த எவர்சில்வர் தூக்குகள் எல்லாம் தயக்கமின்றிக் காயலான் கடைக்குப் போயின. பித்தளை அண்டாவை மட்டும் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறோம். பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பு வைக்கவே கூடாது.

"ஒரு வருடம் தொடாததைக் கொடுத்துவிடுங்கள்" என்பது பட்டுப்புடவைக்குப் பொருந்தவில்லை. மடிப்பில் இற்றுப்போன காஞ்சிபுரம் புடவையின் சரிகை இழை ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசல் வெள்ளிச் சரிகைக்கு அது முதல் அடையாளம். இப்படிப்பட்ட புடவையைப் பழைய துணிக்காரரிடம் பாத்திரத்துக்கு மாற்றிவிடாதீர்கள். பழைய சரிகை வாங்கும் கடையில் பரிசோதித்து விலை கேளுங்கள்.

எதிர்பாராதது, மளிகைக் கணக்கு நோட்டுகளுக்கு நடுவே கிடைத்த வீட்டின் மூலப்பத்திரம்! பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம்தான். ஆனால் வங்கியில் அடமானக் கடனுக்கு அசலைத்தான் கேட்பார்கள். எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு காகிதக் கட்டையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.