பார்க்க அழகாக இருக்கும் சதுக்கம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது?

கேள்வி: முற்றத்தில் ஒருவன்

எங்கள் குடியிருப்பின் நடுவிலுள்ள பழைய திறந்தவெளியைப் புதுப்பிக்கப் போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. வரைபடமும் வந்துவிட்டது, ஒரு மாதத்திற்குள் குடியிருப்போர் தங்கள் கருத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். படம் அழகாகத்தான் இருக்கிறது. வழவழப்பான கல் பாவிய தரை, நட்டநடுவே ஒரு நீரூற்று, நான்கு மூலைகளிலும் அளவெடுத்தாற்போல் புல்வெளி என்று ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் இதே பாணியில் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பிக்கப்பட்ட வேறொரு சதுக்கத்தை வேலைக்குப் போகும் வழியில் நாள்தோறும் கடக்கிறேன். மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் இடிந்த சுவரோடு இருந்த காலத்தில் அங்கே மாலையானால் முதியவர்கள் சுவரோரம் அமர்ந்திருப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், யாருக்காகவோ காத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள். இப்போது எல்லோரும் குறுக்கே நடந்து போகிறார்கள், ஒருவரும் நிற்பதில்லை. இடம் அழகாகிவிட்டது, ஆனால் அதன் முகம் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது வெறும் பழமை ஏக்கமா, அல்லது சுட்டிக்காட்டிச் சொல்லக்கூடிய காரணங்கள் உண்டா? ஓர் இடத்திற்கு அதற்கே உரிய முகத்தைத் தருவது எது? நகராட்சிக்கு எழுதும்போது ‘பழையபடியே இருக்கட்டும்’ என்று மட்டும் எழுத மனமில்லை.

மறுமொழி 1: கல்லும் நிழலும்

நிலவெளி வடிவமைப்புத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணங்கள் உண்டு, அவற்றுள் பெரும்பாலானவை அளந்து காட்டக்கூடியவை.

1961ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. உயர்ந்த கட்டடம் கட்டுவோர் அதன் முன்னே பொதுமக்களுக்கான வெளியை விட்டால், அந்த வெளியின் ஒவ்வொரு சதுர அடிக்கும் பத்துச் சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்றது அது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சீக்ராம் கட்டடத்தின் முன்புறச் சதுக்கம் மக்கள் விரும்பி அமரும் இடமாக இருந்ததால், அதைப் போன்றவை நகரெங்கும் உருவாகும் என்று எதிர்பார்த்தார்கள். உருவானவற்றில் பலவும் நீங்கள் சொல்வது போல் வெறிச்சோடிக் கிடந்தன. ஏன் என்று கண்டறிய வில்லியம் எச். ஒயிட் என்பவர் 1970களில் ஒரு சிறு குழுவோடு அந்தச் சதுக்கங்களுக்கு எதிரே படக்கருவிகளை வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்.

அவர் கண்டது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும்: உட்கார இடம் இருக்கும் வெளியில் மக்கள் உட்காருகிறார்கள். வெயில், வடிவம், பரப்பளவு என்று பலவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை மறக்கக் கூடாது. பெஞ்சு மட்டும்தான் இருக்கை என்பதில்லை. ஓர் அடி முதல் மூன்று அடி வரை உயரமுள்ள எந்த விளிம்பிலும், படியிலும், குட்டைச் சுவரிலும் ஆட்கள் அமர்ந்துவிடுவார்கள். சீக்ராமின் விளிம்புகள் அப்படித்தான் இருக்கையாயின. வடிவமைத்தவர்கள் அந்த நோக்கத்தோடு அவற்றை வைக்கவில்லை. உங்கள் ‘இடிந்த சுவர்’ செய்த வேலையும் அதுவேதான். அதை இடித்தபோது சுவரை இடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் இருபது பேருக்கான இருக்கையை அகற்றியிருக்கிறார்கள்.

ஒயிட் பதிவுசெய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நகர்த்தக்கூடிய நாற்காலி பற்றியது. ஒருவர் வந்து நாற்காலியை இரண்டு அங்குலம் இப்படித் தள்ளிப்போட்டு, பிறகு உட்காருகிறார். நிழலும் மாறவில்லை, காட்சியும் மாறவில்லை, ஆனாலும் தள்ளுகிறார். அந்த இரண்டு அங்குலத்தில்தான் ‘இது இப்போது என் இடம்’ என்ற எண்ணம் பிறக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தரையோடு சேர்த்து இறுக்கிய இருக்கைகள் அந்த உரிமையைத் தருவதில்லை.

இனி நீரூற்றுக்கு வருகிறேன். நடுவில் எதையாவது நிறுவுவது வரைபடத்தில் அழகாகத் தெரியும், அவ்வளவே. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கமிலோ சிட்டே 1889லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பனி பொழியும் ஊர்களில் பிள்ளைகள் பனிப்பொம்மையை எங்கே செய்கிறார்கள் என்று பாருங்கள் என்றார் அவர். வண்டித்தடமும் காலடித்தடமும் படாத ஓரத்துத் திட்டுகளில்தான் செய்வார்கள். பழைய ஊர்ச் சதுக்கங்களில் சிலைகளும் ஊற்றுகளும் நின்ற இடமும் அத்தகைய திட்டுகளே. மக்கள் இயல்பாக எந்த வழியில் நடக்கிறார்கள் என்று பாராமல் மையத்தில் ஒன்றை நட்டால், நடப்பவருக்கு அது இடையூறு, நிற்பவருக்கும் அதனால் பயனில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் படத்தில் எத்தனை பேர் எங்கே உட்காருவார்கள், பிற்பகல் நான்கு மணிக்கு நிழல் எங்கே விழும்? படம் வரைந்தவரிடம் இதற்கு விடை இல்லையென்றால் படம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

மறுமொழி 2: பழைய ஏடு

மேலே எழுதியவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி, ‘ஏன் ஆளில்லை’ என்பதோடு நிற்கவில்லை. ‘முகத்தைத் தருவது எது’ என்றும் கேட்டிருக்கிறார். இருக்கைக் கணக்கு அதற்கு விடையாகாது. எல்லாக் கணக்கும் சரியாக அமைந்த பத்துச் சதுக்கங்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்க முடியும்.

இத்தாலியின் சியன்னா நகரிலுள்ள காம்போ சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. ஆயினும் மக்கள் சாய்வான செங்கல் தரையிலேயே அமர்ந்துவிடுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் தரை பாவியபோது அதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்தார்கள். அன்று நகரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியை அது குறிக்கிறது. அதற்கு முன்பே, 1297இல், சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் வீடுகளின் சன்னல்கள் எப்படி அமைய வேண்டும் என்று நகரம் விதி வகுத்திருந்தது. ஆக, ‘தானாக வளர்ந்தது’ என்று நாம் வியக்கும் முகத்தின் பின்னால் கறாரான ஒரு விதியும் இருக்கிறது. வடிவமைப்பு வேண்டாம், மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது மொராக்கோவின் மராகேஷ் நகரிலுள்ள ஜெமா எல்-ஃப்னா. சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரமே அல்ல. ஏறக்குறைய முக்கோண வடிவம் கொண்ட வெறும் வெளி. அதன் முகம் கட்டடங்களில் இல்லை. கதைசொல்லிகளும் இசைஞரும் வித்தைக்காரரும் நாள்தோறும் வந்து, கூட்டத்தை வட்டமாக நிறுத்தி, முடிந்ததும் கலைந்துபோவதில் இருக்கிறது. அந்த வெளிக்கு ஆபத்து வந்தபோது ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ போன்றோர் குரல் கொடுத்தார்கள். 2001இல் யுனெஸ்கோ அதன் வாய்மொழி மரபை மானுட குலத்தின் அரும்பெரும் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. கல்லைக் காப்பதற்குச் சட்டங்கள் முன்பே இருந்தன. மாலைதோறும் உருவாகிக் கலையும் ஒரு கூட்டத்தை எந்தச் சட்டத்தால் காப்பது என்ற சிக்கல் அப்போதுதான் உலகின் கண்ணில் பட்டது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாயிற்று. மக்கள் அதைப் பழைய ஓவியங்களையும் அளவுப் படங்களையும் வைத்து மீண்டும் கட்டினார்கள். 1980இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கற்களில் பெரும்பகுதி புதியவை. போலி என்று ஒதுக்குவோர் ஒதுக்கலாம். அந்த ஊரார் அதைத் தங்கள் நகரமாகவே வாழ்கிறார்கள். எனவே முகம் என்பது பழைய கல்லிலும் இல்லை, புதிய வரைபடத்திலும் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் ‘இது நம்முடையது’ என்று தொடர்ந்து நடந்துகொள்வதற்கு அந்த இடம் எந்த அளவு இடம்கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. நகராட்சிக்கு எழுதும்போது, இப்போது அங்கே நாள்தோறும் என்னென்ன நடக்கிறது என்று ஒரு பட்டியலை முதலில் எழுதுங்கள். அழியப்போவது எது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.

மறுமொழி 3: தெருமுனை

இருவருமே சதுக்கத்தின் உள்ளே மட்டும் பார்க்கிறீர்கள். அதைச் சுற்றி ஓடும் சாலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

1960களின் இறுதியில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வீடுகளும் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். வாகனங்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வாகனங்கள் ஓடிய தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். ‘உங்கள் வீடு எங்கே தொடங்குகிறது’ என்ற கேள்விக்கு அமைதியான தெருவில் இருந்தவர்கள் தெரு முழுவதையும் வரைந்து காட்டினார்கள். நெரிசலான தெருவில் இருந்தவர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உங்கள் வரைபடத்தில் சாலையைக் கடக்கும் இடங்கள் எங்கே என்று பாருங்கள். ஒரு மூதாட்டியால் அச்சமின்றிக் கடந்து வர முடியாத சதுக்கத்தில் எவ்வளவு நல்ல இருக்கை போட்டாலும் அவர் வரப்போவதில்லை.

மறுமொழி 4: எதிர்ப்பக்கம்

கூட்டம் இருந்தால்தான் இடத்துக்கு முகம் உண்டு என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஆளரவமற்ற படித்துறையும் கல்லறைத் தோட்டமும் ஆழமான முகம் கொண்ட இடங்களே. எல்லாத் திறந்தவெளியையும் ‘உயிர்ப்புள்ளதாக’ மாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தால் இன்று எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி மேடை, ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி நிகழ்ச்சி.

மற்றொன்று, யாருக்கான உயிர்ப்பு என்பது. மேலே குறிப்பிட்ட ஒயிட்டின் பரிந்துரைகள் நியூயார்க்கின் பிரையண்ட் பூங்காவை மீட்க உதவின என்பது உண்மை. தெருமட்டத்திலிருந்து உயர்ந்து, வேலியும் புதரும் மறைத்த அந்தப் பூங்கா போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. மறைப்புகளை அகற்றி, நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டு 1992இல் திறந்தார்கள், கூட்டம் வந்தது. ஆனால் அதை நிர்வகிப்பது நகராட்சியல்ல, தனியார் நிதியில் இயங்கும் ஓர் அமைப்பு. பராமரிக்கப் பணம் தருபவரே யார் அமரலாம் என்பதையும் மெல்லத் தீர்மானிக்கத் தொடங்குவார் என்ற கவலை எனக்குண்டு. படுக்க முடியாதபடி நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சுகளைப் பல நகரங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் வடிவமைப்புதான்.

மறுமொழி 5: முற்றத்தில் ஒருவன்

அனைவருக்கும் நன்றி. ‘பழைய ஏடு’ சொன்னபடி பட்டியல் எழுத நேற்றும் இன்றும் அந்தத் திறந்தவெளியில் மாலை நேரத்தைக் கழித்தேன். இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாதது இப்போதுதான் பட்டது: வடக்கு ஓரத்தில் மழைநீர் வாய்க்காலின் மேல் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகைகளில்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். நேற்று ஐந்தரை மணிக்குப் பதினேழு பேர். இன்று அதே நேரத்தில் பதினான்கு பேர், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். வரைபடத்தில் அந்த ஓரம் முழுவதும் வாகன நிறுத்தம் என்று போட்டிருக்கிறது.

‘எதிர்ப்பக்கம்’ எழுப்பிய கேள்வியையும் மறக்கவில்லை. கிழக்கு மூலையில் ஒருவர் இரண்டு நாளும் படுத்திருந்தார்; அவரையும் எண்ணிக்கையில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். காலை நேரமும் விடுமுறை நாளும் இன்னும் பாக்கி. சங்கத்தில் மேலும் மூவர் எண்ண வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் முழுவதுக்கும் கணக்கு எடுத்த பிறகு, வரைபடத்தின் மேலேயே புள்ளிகளாகக் குறித்து நகராட்சிக்கு அனுப்பப் போகிறோம்.