வேரியன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் பேசினாள். அவள் மாமனார் இப்போது சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வாசலில் சாய்தளம் கட்டினால், தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய காலியிடத்துக்குள் அது நீண்டுவிடும். அதற்காக ‘ஜோனிங் வேரியன்ஸ்’ கேட்டு மனுப் போடுகிறார்கள். ஜோனிங் என்பது எந்த நிலத்தில் எதை, எப்படிக் கட்டலாம் என்ற விதி. “என்ன மனுன்னு அவர் கேட்கிறார், தமிழ்ல எப்படி மாமா சொல்றது?” என்றாள். எனக்கும் உடனே சொல் வரவில்லை.

அப்புறம் செல்லூரில் அம்மா வீட்டு வாசலை டேப் வைத்து அளந்தேன். மூன்று படி, தரையிலிருந்து 18 அங்குலம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி வேண்டும். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் இருப்பதோ 5 அடி. விதியை வைத்துக்கொண்டே இந்த ஒரு வாசலுக்கு மட்டும் வழிவிடு என்று கேட்பதுதான் வேரியன்ஸ் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

இணைய அகராதியில் ‘மண்டல மாறுபாடு’ என்று இருக்கிறது. மதுரைக்காரருக்கு மண்டலம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். 100 வார்டுகளை 5 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக் கணக்கில் வரும் ‘விலக்க வர்க்கச் சராசரி’ புள்ளியியலுக்கு உரியது, இங்கே ஆகாது. ‘சலுகை’ வேண்டவே வேண்டாம். தன் வீட்டு வாசலைத் தாண்ட நினைப்பவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. ‘விதிவிலக்கு’ என்றால் அந்த விதியே அவருக்குக் கிடையாது என்றாகிவிடும்.

‘மனைத்தளர்வு’ எப்படி? வேரியன்ஸ் பொதுவாக ஆளோடு போகாமல் நிலத்தோடு நிற்பது. வீட்டை விற்றாலும் வாங்கியவருக்கு அது தொடரும். அதனால்தான் மனையைப் பிடித்தேன்.

---

தம்பி, வணக்கம்.

நான் ஒத்தக்கடை. கட்டட வரைபடம் போட்டே காலம் போனவன். தளர்வு சரியான சொல். கோப்புகளில் ‘விதித்தளர்வு’ என்று எழுதிப் பழக்கம் உண்டு. ஆனால் ‘மனைத்தளர்வு’ என்றால் வீடு ஆட்டம் கண்டுவிட்டது போல என் காதில் விழுகிறது. வார்டுவாரி, வீடுவாரி என்கிறோமே, அதுபோல ‘மனைவாரி விதித்தளர்வு’ என்று வையுங்கள். இந்த மனைக்கு மட்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. ஜோனிங்குக்கு ‘நிலப்பயன்பாட்டு வரையறை’ போதும். ஆனால் ‘நிலப்பயன்பாட்டு மாற்றம்’ வேறு, அதைக் கலந்துவிடாதீர்கள். வயலைக் குடியிருப்பாக வகை மாற்றுவது அது. உங்கள் மருமகள் வீடு குடியிருப்பாகவேதான் இருக்கப்போகிறது. வாசல் முன்னால் விட வேண்டிய அளவில்தான் பேச்சு. நம்மூரில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்லும் பக்க இடைவெளி, முன் இடைவெளி மாதிரி.

---

ஐயா, மிக்க நன்றி. மனை ஆட்டம் காணும் பொருள் எனக்குத் தோன்றவே இல்லை. ‘மனைவாரி விதித்தளர்வு’ என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கே அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, பொது விசாரணை நடத்தித்தான் இந்த மனுக்களைப் பார்க்கும் வாரியம் முடிவு சொல்லும். அந்த விசாரணைக்குப் பெரியவரும் போகிறாராம். அவர் கையில் கொடுக்க இப்படி எழுதி அனுப்பினேன்:

“எங்கள் வீட்டு வாசலில் சாய்தளம் அமைப்பதற்காக, முன் இடைவெளி விதியில் மனைவாரி விதித்தளர்வு கோருகிறோம்.”